பெருந்தமனி வீக்கத்துக்கு கிளினிக்கல் ட்ரயல் தேட எந்தப் பதிவேடு? இரண்டையும் அலசிப் பார்த்தோம்

வயிற்றுப் பெருந்தமனியில் வீக்கம் என்று ஸ்கேனில் தெரிந்து, டாக்டரும் "இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டால், வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் கூகுளில் புது மருந்து தேடுகிறார்கள். தேடவேண்டிய இடம் அது இல்லை. கிளினிக்கல் ட்ரயல்கள், அதாவது சிகிச்சைகளை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வுகள், பதிவாகும் இரண்டு பதிவேடுகள்தான். ஒன்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2007-இல் தொடங்கிய இந்திய கிளினிக்கல் ட்ரயல் பதிவேடு, சுருக்கமாக சிடிஆர்ஐ. இன்னொன்று, அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 2000-இல் திறந்த கிளினிக்கல்ட்ரயல்ஸ் டாட் கவ். இரண்டிலும் காசு கொடுக்காமல் தேடலாம். அலசிப் பார்த்தவரை, தேட அமெரிக்கத் தளம் சுகம். இங்கே ஒரு ஆய்வில் சேருமுன் சரிபார்க்க சிடிஆர்ஐதான் உதவும்.

எதைத் திறந்தாலும் முதலில் வீக்கத்தின் விட்டம் கையில் இருக்கவேண்டும். 3 செ.மீ. தொட்டால் அதற்கு வீக்கம் என்று பெயர். ஆணுக்கு 5.5, பெண்ணுக்கு 5 செ.மீ. வந்தால் ஆபரேஷனா, ரத்தக்குழாய் வழியாக உள்ளே குழாய் பொருத்தும் ஸ்டென்ட் கிராஃப்ட்டா என்ற பேச்சு தொடங்கிவிடும். வீக்கம் வளராமல் தடுக்கப் பார்க்கும் மருந்து ஆய்வுகள் பெரும்பாலும் 3 செ.மீ.க்கும் இந்த ஆபரேஷன் அளவுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கானவை. அமெரிக்காவில் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை வைத்து நடந்த ஆய்வில் ஆண்களுக்கு 3.5 முதல் 5, பெண்களுக்கு 3.5 முதல் 4.5 செ.மீ. என்று கோடு போட்டிருந்தார்கள். 261 பேர் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு 100 மி.கி. மாத்திரை தினம் இருவேளை, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை, 2 வருடத்துக்கு. 2020-இல் முடிவு வந்தது: மருந்து வீக்கத்தின் வளர்ச்சியைக் குறைக்கவில்லை. ஆய்வு மருந்து என்றால் நல்ல மருந்து என்று நினைப்பவர்கள் இந்த ஒன்றைப் படித்துவிட்டுப் போகலாம்.

ஸ்கேன் வகையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே வீக்கம் அல்ட்ராசவுண்டில் ஒரு அளவும் சிடி ஸ்கேனில் அதைவிடச் சில மில்லிமீட்டர் கூடுதலாகவும் வருவது வழக்கம். எல்லைக்கோட்டில் நிற்பவருக்கு அந்தச் சில மில்லிமீட்டரில்தான் உள்ளேயா வெளியேயா என்பது முடிவாகும். விட்டம் ஏற்கெனவே 5.5-ஐத் தாண்டியவர் மருந்து ஆய்வுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. திடீரென்று வயிறோ முதுகோ பிய்த்தெடுப்பதுபோல் வலித்தால் எந்தத் தளத்தையும் திறக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும்.

அமெரிக்கத் தளத்தின் தேடல் கெட்டிக்காரத்தனமானது. நோய்ப் பெயரை அடித்தால் அதன் மாற்றுப் பெயர்களையும் சேர்த்தே தேடும். நாடு, வயது, ஆள் சேர்ப்பு நிலை என்று வடிகட்டலாம். 'அனியூரிசம்' (ரத்தக்குழாய் வீக்கம்) என்று மட்டும் அடித்தால் மூளை ரத்தக்குழாய் வீக்கமெல்லாம் வந்து குவியும், பெருந்தமனியைக் குறிக்கும் 'அயோட்டிக்' என்பதையும் சேர்த்து அடியுங்கள். நிலை என்ற இடத்தில் 'ரெக்ரூட்டிங்' என்று இருப்பதுதான் உங்களுக்கு. 'ஆக்டிவ், நாட் ரெக்ரூட்டிங்' என்றால் ஆய்வு ஓடுகிறது, கதவு மூடியாகிவிட்டது. 'அன்நோன்' என்றால் நடத்துபவர்கள் நீண்ட நாளாக விவரத்தைப் புதுப்பிக்கவில்லை, அதை விட்டுவிடலாம்.

தகுதிப் பகுதியை வரி வரியாகப் படிக்கவேண்டும். நம்மவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பெருந்தமனி வீக்கம் மெதுவாக வளர்வதைக் கவனித்துத்தான் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை வைத்து ஆய்வுகளே தொடங்கின. அதனால் அவற்றில் சர்க்கரை இல்லாதவர்களையே எடுக்கிறார்கள். சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் கூடுதலாக இருப்பதும் பல ஆய்வுகளில் தடை. ஸ்டென்ட் கிராஃப்ட் ஆய்வு என்றால் சிறுநீரக ரத்தக்குழாய்க்குக் கீழே வீங்காமல் இருக்கும் 'கழுத்து'ப் பகுதியின் நீளம், அகலம், வளைவு ஆகியவற்றைக் கேட்பார்கள். கழுத்து குட்டையாகவோ கோணலாகவோ இருந்தால் கிராஃப்ட் சுவரில் சரியாக ஒட்டாது, ஓரமாக ரத்தம் கசியும். பெயர் நிராகரிக்கப்பட்டால் கோபப்பட வேண்டாம்.

சிடிஆர்ஐயின் தேடல் பழைய காலத்து அலுவலகம் மாதிரி. ஒரு சொல்லை நம்பாமல் 'அயோட்டா', 'அயோட்டிக் அனியூரிசம்', 'எண்டோவாஸ்குலர்', 'ஸ்டென்ட் கிராஃப்ட்' என்று தனித்தனியாக அடித்துப் பாருங்கள். தமிழில் எதுவும் இல்லை. ஆனால் உள்ளே கிடைக்கும் விவரம் அருமை: எந்த ஊரில் எந்த மருத்துவமனை, பொறுப்பான டாக்டர் யார், பொதுமக்கள் கேட்பதற்கான தொடர்பு, எந்த நெறிமுறைக் குழு அனுமதி தந்தது, பணம் யாருடையது. பதிவெண்ணிலேயே வருடமும் மாதமும் இருக்கும். பல வருடத்துக்கு முந்தைய எண், ஆனால் நிலை 'இன்னும் ஆள் சேர்க்கவில்லை' என்றால் அந்தப் பக்கத்தை யாரும் தொடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் சேர்ப்பு நிலை உலகத்துக்கு ஒன்று, இந்தியாவுக்கு ஒன்று என இரண்டு வரி வரும். பார்க்கவேண்டியது இந்திய வரி. மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி அனுமதி என்ற இடத்தில் 'பொருந்தாது' என்று இருப்பது எப்போதும் தவறில்லை, கல்லூரி ஆய்வுகள் பலவற்றுக்கு அது தேவைப்படாது. சந்தைக்கு வராத புதுக் கருவிக்கு அப்படி இருந்தால் கேள்வி கேளுங்கள்.

இரண்டு தளத்திலும் ஒரு குறை பொது. பதிவேட்டில் இருக்கிறது என்பதால் அந்தச் சிகிச்சை பாதுகாப்பானது என்று அரசு சான்று தந்ததாக ஆகாது. நோயாளியிடமே பணம் வாங்கும் ஆய்வுகளும் பதிவாகின்றன. இங்கே ஆராய்ச்சிக்காக மட்டும் செய்யும் சோதனைகளுக்கு நோயாளி பணம் கட்டக் கூடாது என்பது மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நெறிமுறை. சாயம் செலுத்தி எடுக்கும் கான்ட்ராஸ்ட் சிடி ஸ்கேனுக்கு யார் பணம் கட்டுவது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஸ்டென்ட் கிராஃப்ட் ஆய்வில் தொடர் கண்காணிப்பு பல வருடம் போகும். பஸ் செலவும் ஒரு கணக்குதான்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். இந்தியப் படிவத்தில் தொழில், ஆண்டு வருமானம், நியமனதாரர் (நாமினி) பெயர், உறவு என்று கட்டங்கள் இருக்கும். பலர் இதைப் பார்த்து மிரள்கிறார்கள். ஆய்வினால் பாதிப்போ மரணமோ நேர்ந்தால் இழப்பீடு கணக்கிடவும் யாரிடம் கொடுப்பது என்று தெரியவும்தான் அவை. காலியாக விட்டால் நஷ்டம் உங்களுக்கு. கையெழுத்திட்ட படிவத்தின் பிரதியைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லவேண்டியதில்லை.

தொடர்பு எண்ணை யாரும் எடுக்கவில்லையென்றால் மின்னஞ்சல் அனுப்புங்கள். வயது, விட்டம், ஸ்கேன் வகையும் தேதியும், கிரியேட்டினின், சாப்பிடும் மாத்திரைகள், முன்பு செய்த ஆபரேஷன் எல்லாம் முதல் கடிதத்திலேயே இருக்கட்டும். ஸ்கேன் சென்டரில் ஃபிலிமோடு விட்டுவிடாமல் ஸ்கேன் படங்களின் டைகாம் கோப்புகள் உள்ள குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள், கழுத்தை அளக்க அதுதான் வேண்டும்.