குப்பைமேட்டுக்கு மக்கிய உரப் போர்வை: மீத்தேனை உண்மையிலேயே தின்னுமா?

தின்னும். மேட்டின்மேல் பரப்பும் மக்கிய உரத்தில் வாழும் ‘மீத்தேன் உண்ணிகள்’ என்னும் நுண்ணுயிர்கள், கீழிருந்து கசியும் மீத்தேனைக் காற்றின் ஆக்ஸிஜனோடு சேர்த்துக் கரியமில வாயுவாக மாற்றிவிடும். ஆனால் எல்லா மேட்டிலும் அல்ல. புதுக்குப்பை நிறைந்த மேட்டின் அடியில் காற்று கிடையாது. அங்கே ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள் குப்பையைச் சிதைத்து அசிட்டிக் அமிலமும் ஹைட்ரஜனுமாக்க, மீத்தேன் ஆக்கிகள் அவற்றை மீத்தேனாக மாற்றித் தள்ளுகின்றன. வரும் வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன். அந்த வேகத்துக்கு எந்தப் போர்வையும் ஈடுகொடுக்காது. குழாய் இறக்கி உறிஞ்சி எரிப்பதுதான் சரி. வாயு குறைந்து, எரிப்பானில் சுடர் நிலைக்காத பழைய மேட்டுக்கே இந்தப் போர்வையைப் பரிந்துரைப்போம்.

கீழே சுமார் 30 செ.மீ. ஜல்லி, அதன்மேல் ஏறக்குறைய 1 மீட்டர் உரம். ஜல்லியில் சிக்கனம் வேண்டாம். வாயுவைப் பரப்பிவிடுவது அதுதான். அது இல்லையென்றால் வாயு ஓரிரு இடங்களில் பீறிடும். அங்குள்ள மீத்தேன் உண்ணிகளால் சமாளிக்க முடியாது. சுண்ணாம்புக்கல் ஜல்லியும் ஆகாது, ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்து அதைக் கரைத்துவிடும்.

பணத்துக்கு மதிப்பு இருக்கிறதா என்பதை உரத்தின் முதிர்ச்சிதான் தீர்மானிக்கிறது. முழுதாக மக்காத உரம் மீத்தேன் உண்ணிகளுக்குப் போகவேண்டிய ஆக்ஸிஜனைத் தானே குடித்துவிடும். ஈரம் மிஞ்சினால் மீத்தேனையும் உண்டாக்கும். இறக்குவதற்கு முன் ஈரமான மாதிரியை வெப்பம் கடத்தாத குடுவையில் போட்டு 10 நாள் வரை பாருங்கள். அறை வெப்பத்தைவிட 10 டிகிரிக்கு மேல் சூடேறினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். கூடவே விற்கும் நுண்ணுயிர்ப் பொடி தேவையில்லை. நல்ல உரத்தில் மீத்தேன் உண்ணிகள் ஏற்கெனவே இருக்கும். மீத்தேன் கிடைத்தால் சில வாரங்களில் தாமே பெருகிவிடும்.

வேலை செய்கிறதா என்று பார்க்க 10, 30, 60, 90 செ.மீ. ஆழங்களில் வாயு எடுத்து அளக்க வேண்டும். அடியில் மீத்தேனும் கரியமில வாயுவும் 60:40 என்றால் விகிதம் 1.5. மேலே வர வர அது சரிந்தால் நல்ல அறிகுறி. இதை மட்டும் நம்பிவிடக் கூடாது. உரம் தானே விடும் கரியமில வாயுவும் விகிதத்தைக் குறைத்துக் காட்டும். மேற்பரப்பில் மூடிய பெட்டியைக் கவிழ்த்து வெளியேறும் மீத்தேனையும் அளந்தால்தான் முடிவு சொல்லலாம்.

போகப்போக வரும் கோளாறு கோழை. மீத்தேனும் ஆக்ஸிஜனும் சந்திக்கும் ஆழத்தில் தோண்டினால் உரம் வெதுவெதுப்பாக இருக்கும். விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். நுண்ணுயிர்கள் சுரக்கும் இந்தச் சர்க்கரைப் படலம் துளைகளை அடைத்துவிட, வாயு பக்கவாட்டில் வழி தேடும். தொடக்கத்திலேயே பருமனான மரச்சில்லுகள் கலந்திருந்தால் அடைப்பு தள்ளிப்போகும். அடைத்தபின் அந்தப் பகுதியைக் கிளறிவிடுவதே வழி.

சரிவும் சமதளமும் சேரும் விளிம்பை முதலில் அளங்கள். உரம் வறண்டு வெடிப்பதும் மீத்தேன் தப்புவதும் பெரும்பாலும் அங்கேதான்.