ரத்தம் கொட்டிய நாய்க்கு எதை ஏற்றுவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டங்களில் நாய் வளர்ப்பவர்களுக்குக் காட்டுப்பன்றியின் கொம்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. எங்கள் கறுப்பனின் தொடை கிழிந்த அன்று, மருத்துவர் அவன் உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்திக் காட்டினார். இரண்டு விநாடிக்குள் திரும்ப வேண்டிய சிவப்பு திரும்பவில்லை.

நாய்க்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 80 முதல் 90 மில்லிலிட்டர் ரத்தம். முதலில் ஏறியது உப்புநீர். அது எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு. ரத்த அழுத்தத்தை உடனே தூக்கிவிடும். ஆனால் ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதி ரத்தக்குழாயை விட்டுத் திசுக்களுக்குள் கசிந்துவிடும். ஆக்ஸிஜனைச் சுமக்கும் வேலையும் அதற்குத் தெரியாது.

அந்த வேலைக்காக மாட்டின் ஹீமோகுளோபினிலிருந்து, அதாவது சிவப்பணுவில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் புரதத்திலிருந்து, செய்த மாற்று ரத்தம்தான் ஆக்ஸிகுளோபின். 1998இல் அமெரிக்கா நாய்களின் ரத்தசோகைக்கு அதை அனுமதித்தது. ரத்த வகை பார்க்க வேண்டாம், குளிர்பெட்டியும் வேண்டாம். எங்கள் ஊருக்கென்றே செய்ததுபோல இருக்கிறது! குறையும் உண்டு: செல்லுக்கு வெளியே உலவும் ஹீமோகுளோபின், ரத்தக்குழாய்களைத் தளர்த்திவைக்கும் நைட்ரிக் ஆக்சைடைப் பிடித்துக்கொள்வதால் குழாய்கள் சுருங்கும். தயாரித்த பயோபியூர் நிறுவனம் 2009இல் திவாலானது.

இன்னொரு மாற்று, ஆக்ஸிஜனை நிறையக் கரைத்துவைக்கும் பெர்ஃப்ளூரோகார்பன் திரவம். அதற்குள் மூழ்கிய சுண்டெலி மூச்சுவிட்டதை 1966இல் அமெரிக்க விஞ்ஞானி லேலண்ட் கிளார்க் காட்டினார். ஆனால் அதை ரத்தத்துக்குப் பதிலாக ஏற்றினால் மூச்சில் செறிவான ஆக்ஸிஜனும் தரவேண்டும். இரவு நேரத் தோட்டத்துக்கு அது ஒத்துவராது.

இந்த மாற்று ரத்தங்களைச் சோதிக்கும்போது மயக்கமருந்து கொடுத்த ஆரோக்கியமான விலங்கிடம் அளந்து ரத்தம் எடுக்கிறார்கள். கறுப்பனோ ரத்தம் சொட்டச் சொட்ட ஓடிவந்தவன். உப்புநீரோடு ஒப்பிட்டு வென்றது என்று மட்டும் சொன்னால் எனக்குப் போதாது. இன்னொரு நாயிடமிருந்து எடுத்த புது ரத்தத்தின் பக்கத்தில் நிறுத்திக் காட்டவேண்டும். எலிமருந்து தின்று ரத்தம் உறையாமல் வரும் நாய்களும் இங்கே உண்டு. உறையவைக்கும் பொருள்கள் புது ரத்தத்தில் இருக்கின்றன, ஹீமோகுளோபின் கரைசலில் இல்லை.

ஆகவே இன்றைக்கு என் தேர்வு அடுத்த வீட்டு நாயின் ரத்தம்தான். 25 கிலோவுக்கு மேலுள்ள நல்ல நாய் 450 மில்லிலிட்டர் தரலாம். முதல்முறை ரத்தம் பெறும் நாய்க்கு, வகை மாறினாலும் கடுமையான எதிர்விளைவு அரிது. பூனைக்கு அப்படியில்லை; வகை மாறினால் முதல் முறையே உயிர் போகலாம். மாற்று ரத்தத்துக்காக நான் ஏங்குவது பூனைகளை நினைத்துத்தான்.

கறுப்பனைக் காப்பாற்றியது எதிர்வீட்டு அக்காவின் நாய். எங்கள் வரிசையிலுள்ள மூன்று பெரிய நாய்களின் எடையையும் அந்த வீடுகளின் தொலைபேசி எண்களையும் எழுதி மருத்துவரிடம் கொடுத்துவைத்திருக்கிறேன்.