ஃபாரன்ஹீட், செல்சியஸ், கெல்வின்: எந்த அளவுகோல் எதற்குப் பொருந்தும்?

கோடையில் ‘பல ஊர்களில் வெயில் சதமடித்தது’ என்று தமிழ் நாளிதழ்கள் எழுதும் அதே நாளில், கைப்பேசி அந்த ஊர்களுக்கு 38 என்று காட்டுகிறது. இரண்டும் ஒன்றுதான், 100 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது 37.8 டிகிரி செல்சியஸ். வானிலை ஆய்வு மையம் செல்சியஸில் தருவதை நாளிதழ்கள் ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றி அச்சிடுகின்றன. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நாமும் ‘நூற்றிரண்டு’ என்றே சொல்கிறோம். பள்ளிப் பாடநூலில் கெல்வின் மூன்றாவதாக வந்து சேர்கிறது. இவற்றை ஒப்பிடும் முன், மூன்றும் எதை அளக்கின்றன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

வெப்பநிலை வேறு, வெப்பம் வேறு. எந்தப் பொருளிலும் துகள்கள் ஓயாமல், ஒழுங்கின்றி அசைந்துகொண்டே இருக்கின்றன; அந்த அசைவில் ஒரு துகளுக்குச் சராசரியாக எவ்வளவு ஆற்றல் என்பதையே வெப்பநிலை ஏறத்தாழக் குறிக்கிறது. அறைக் காற்றில் உள்ள நைட்ரஜன் மூலக்கூறுகள் சராசரியாக நொடிக்கு 470 மீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்கின்றன. மொத்த ஆற்றல் எவ்வளவு என்பது தனிக் கணக்கு. கம்பி மத்தாப்பிலிருந்து தெறிக்கும் பொறி 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் இருந்தும், கையில் பட்டால் பெரும்பாலும் சுருக்கென்று குத்துவதோடு அடங்கிவிடுகிறது. 80 டிகிரியில் இருக்கும் ஒரு குவளை வெந்நீர் கொட்டினாலோ தோல் வெந்துவிடுகிறது. பொறியின் துகள்களுக்கு ஆற்றல் மிகுதி, ஆனால் அவற்றின் எண்ணிக்கை மிகக் குறைவு.

நம் கையும் வெப்பமானி அன்று. இரவு முழுவதும் ஒரே அறையில் இருந்த எவர்சில்வர் தட்டையும் மரப்பலகையையும் விடியற்காலையில் தொட்டுப் பார்த்தால் தட்டுதான் குளிர்ந்திருப்பதாகத் தோன்றும். வெப்பமானியோ இரண்டுக்கும் ஒரே எண்ணைக் காட்டும். உலோகம் விரலின் சூட்டை விரைந்து இழுத்துக்கொள்வதையே நாம் குளிர்ச்சி என்று உணர்கிறோம்.

ஃபாரன்ஹீட்டும் செல்சியஸும் இந்தத் துகள்கணக்கு தெரியாத காலத்தவை. டேனியல் ஃபாரன்ஹீட் 1724-இல் வெளியிட்ட அளவுகோலில் பனிக்கட்டி, நீர், நவச்சாரம் என்ற உப்பு ஆகியவற்றின் கலவை 0 ஆகவும், உருகும் பனிக்கட்டி 32 ஆகவும், உடல் வெப்பநிலை 96 ஆகவும் இருந்தன. சுவீடனின் ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742-இல் நீரின் கொதிநிலைக்கும் உறைநிலைக்கும் இடையே நூறு படிகளை வைத்தார். ஆனால் அவருடைய அளவுகோலில் கொதிநிலைதான் 0, உறைநிலை 100. அவர் மறைந்த பிறகே அது தலைகீழாக மாற்றப்பட்டு இன்றைய வடிவம் பெற்றது. இரண்டிலும் சுழியம் என்பது வசதிக்காக ஊன்றிய கல். அங்கே துகள்களின் அசைவு நின்றுவிடுவதில்லை.

வில்லியம் தாம்சன், அதாவது பின்னாளைய கெல்வின் பிரபு, 1848-இல் முன்வைத்த அளவுகோல் இங்குதான் விலகி நிற்கிறது. அதன் சுழியம் மைனஸ் 273.15 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே வெப்பநிலை இறங்க இடமே இல்லை. இதனால் என்ன பயன் என்பதைக் கார் டயரைக் கொண்டு பார்க்கலாம். காலையில் 27 டிகிரி செல்சியஸில் இருந்த டயர்க் காற்று, சாலையில் ஓடி 57 டிகிரிக்குச் சூடாகிறது என்று கொள்வோம். செல்சியஸ் எண்களை மட்டும் வகுத்தால் 2.1 மடங்கு வருகிறது; அதே மாற்றம் ஃபாரன்ஹீட்டில் 80.6-இலிருந்து 134.6, அதாவது 1.67 மடங்கு, கெல்வினில் 300-இலிருந்து 330, வெறும் 1.1 மடங்கு. டயரின் காற்றழுத்தம் இந்தக் கடைசிக் கணக்குக்கு மட்டுமே கட்டுப்படுகிறது. காற்றடிக்கும் இடத்தில் மானி காட்டும் 32 பிஎஸ்ஐயுடன் வளிமண்டல அழுத்தமான ஏறத்தாழ 15-ஐச் சேர்த்து, பத்தில் ஒரு பங்கு கூட்டி, பிறகு அந்த 15-ஐக் கழித்துப் பாருங்கள். மானியில் 37-ஐ ஒட்டி வரும், 67 வராது. ‘நேற்றைவிட இன்று இரு மடங்கு சூடு’ என்று செல்சியஸிலோ ஃபாரன்ஹீட்டிலோ சொன்னால் அதற்கு இயற்பியலில் பொருளே இல்லை. 2019 மே 20 முதல் கெல்வினின் வரையறையும் நீரைச் சாராமல், வெப்பநிலையைத் துகளின் ஆற்றலோடு இணைக்கும் போல்ட்ஸ்மன் மாறிலியின் நிலையான மதிப்பின் மேல், அதாவது துகளின் ஆற்றலின் மேல், நேரடியாக நிற்கிறது.

வானிலைக்கு என் தேர்வு செல்சியஸ். ஃபாரன்ஹீட்டில் 0 முதல் 100 வரை மனிதர் வாழும் தட்பவெப்பம் முழுவதும் அடங்கிவிடுகிறது என்று அமெரிக்கர்கள் சொல்வது கடும்பனியும் கடுங்கோடையும் உள்ள ஊர்களுக்குப் பொருந்தும். சென்னையில் அதன் கீழ்ப்பாதிக்கு வேலையே இல்லை. ‘சதம்’ என்ற எல்லைக்கும் தனிச் சிறப்பு கிடையாது. 99-க்கும் 100-க்கும் உள்ள வேறுபாடு அரை டிகிரி செல்சியஸை ஒட்டியதே. செல்சியஸின் படியும் கெல்வினின் படியும் ஒரே அளவு என்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவதும் எளிது. ஒன்றில் மட்டும் கவனம் தேவை: வெப்பநிலை வேறுபாட்டை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றும்போது 32-ஐக் கூட்டக் கூடாது. புவி 1.5 டிகிரி செல்சியஸ் சூடாகிறது என்றால் ஃபாரன்ஹீட்டில் அது 2.7 டிகிரியே.

காய்ச்சலுக்கு ஃபாரன்ஹீட்தான் நுட்பமானது என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் வெப்பமானியில் எந்த அளவுகோலும் போதும். ஆனால் வீட்டிலுள்ள பெரியவர்களும் மருத்துவரும் அதில்தான் பேசுகிறார்கள் என்பதால் அதை மாற்றவும் சொல்லமாட்டேன். இயல்பான உடல் வெப்பநிலை எனப்படும் 98.6 என்ற எண்ணின் தசமப் புள்ளியை மட்டும் நம்ப வேண்டாம். ஜெர்மன் மருத்துவர் கார்ல் வுண்டர்லிக் 1868-இல் முன்வைத்த சராசரி 37 டிகிரி செல்சியஸ். அந்த முழு எண்ணை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றியதில் முளைத்ததே அந்த ‘.6’. நலமாக இருப்பவருக்கே காலைக்கும் மாலைக்கும் இடையே உடல் வெப்பநிலை ஏறி இறங்கும். காய்ச்சலுக்குப் பொதுவாக வைக்கப்படும் எல்லையான 100.4-உம் அப்படித்தான், அது 38 டிகிரி செல்சியஸ்.