விடுமுறைப் பயணத்தில் சோதித்துப் பார்த்த பூஸ்டர் இருக்கை

பள்ளி விடுமுறையில் நீண்ட கார்ப் பயணம் போக வேண்டியிருந்ததால், ஏழு வயது மகளுக்காக முதுகுச்சாய்வு உள்ள பூஸ்டர் இருக்கை ஒன்றை வாங்கினோம். போக வர ஏறக்குறைய பதினெட்டு மணி நேரம் அவள் அதில் அமர்ந்த பிறகே இதை எழுதுகிறேன்.

பூஸ்டரின் வேலை, பெரியவர்களின் உடலளவுக்கு அமைந்த சீட் பெல்ட்டைக் குழந்தைக்குப் பொருந்தச் செய்வதாகும். கீழ்ப்பட்டை இடுப்பெலும்பின் மேல் தாழ்வாகவும், மேற்பட்டை கழுத்தை உரசாமல் தோளின் நடுவிலும் படிய வேண்டும். பட்டை வயிற்றின் மேல் ஏறிக் கிடந்தால், மோதலின்போது உள்ளுறுப்புகள் காயமடையக்கூடும். இந்த இருக்கையில் தலைச்சாய்வை உயர்த்தும்போது பெல்ட் நுழையும் வழியும் சேர்ந்தே உயர்வதால், அந்தப் பொருத்தம் எளிதாக அமைந்தது. அவள் தூங்கியபோதும் பக்கச் சிறகுகள் தலையைத் தாங்கின. வெறும் மணைபோன்ற, சாய்வில்லாத பூஸ்டரில் இந்த வசதி கிடையாது.

வயதைப் பார்க்காமல் உயரத்தைப் பார்த்து வாங்குவதே சரி. குழந்தைகளுக்கான கார் இருக்கைகள் குறித்த ஐ.நா.வின் ஆர்129 விதிப்படி வந்த இதன் லேபிளில் 100 முதல் 150 செ.மீ. வரை என்று குறிக்கப்பட்டுள்ளது. கார் இருக்கையில் உள்ள உலோக வளையங்களில் மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இருப்பதால், குழந்தை அமராதபோதும் இருக்கை இடம் பெயர்வதில்லை.

குறைகளும் உண்டு. துணியுறையைக் கழற்றுவது பெரும்பாடு. சிந்திய பழச்சாற்றைத் துடைத்த பிறகும் வாசம் போகவில்லை. கோப்பைத் தாங்கியோ, பொம்மை வைக்க மட்டுமே பயன்பட்டது. பெல்ட் கொக்கி இருக்கையின் ஓரத்தில் புதைந்துவிடுவதால், ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பிறகும் நானே இறங்கி மாட்டிவிட வேண்டியிருந்தது.