முதல் 250 சொற்களுக்கு ஒரு போட்டி: சேரலாமா?

கடலூர், புதுச்சேரி வட்டார மாணவர்களுக்காகப் புதுச்சேரியில் ஒரு வாசகர் வட்டம் சிறுகதைத் தொடக்கப் போட்டி நடத்துகிறது. முழுக்கதை வேண்டாம், முதல் 250 சொற்களை மட்டும் அனுப்பினால் போதும். 13 முதல் 17 வயது வரை ஒரு பிரிவு, 18 முதல் 22 வரை இன்னொன்று. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை, மற்றவர்களுக்கு 50 ரூபாய். பரிசுத்தொகையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனாலும் சேரலாம். காரணம், பரிசு பெறாதவர்களுக்கும் நடுவர்கள் நான்கைந்து வரி எழுதி அனுப்புகிறார்கள்.

'நல்ல முயற்சி, தொடர்ந்து எழுதுக' ரகம் இல்லை அந்தக் குறிப்புகள். எந்த வரியில் கவனம் கலைந்தது, இது யாருடைய கதை என்பது எங்கே தெரியவந்தது என்று இடம் சுட்டி எழுதுகிறார்கள். 250 சொல் என்பது ஏறக்குறைய ஒரு ஏ4 பக்கம். அதற்குள் ஆள், இடம், சிக்கல் மூன்றும் வந்தாக வேண்டும். அலாரம் அடித்து, கதாநாயகன் எழுந்து, பல் துலக்கி, காபி குடிப்பதற்குள் 80 சொல் தீர்ந்துவிடுகிறது. இன்னொரு வகையில் முதல் பத்தியிலேயே ஐந்து பெயர் வரும்; ஒன்றும் மனதில் நிற்காது. புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் கடற்கரைச் சாலையும் இல்லாமல் கை ஓடுவதில்லை. அந்தப் பத்தியை அடித்துப் பாருங்கள். கதைக்கு ஒரு குறையும் வராவிட்டால் அது தொடக்கமே அல்ல.

புயலை வைத்துத் தொடங்குகிறவர்களும் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கரை கடந்த ஊர்களில் இது இயல்புதான். ஆனால் 'சூறைக்காற்று சுழன்றடித்தது' என்பது செய்தித்தாள் தமிழ். 'விழுந்த பலாமரத்துக்கு விலை பேச வந்தவர் திண்ணையில் உட்காராமல் நின்றார்' என்றால் புயலும் பண்ருட்டிப் பக்கத்து நஷ்டமும் சொல்லாமலே வந்துவிடும். அவர் ஏன் உட்காரவில்லை என்று அடுத்த வரிக்குப் போகத் தோன்றும்.

போட்டியின் பெரிய ஓட்டை மதிப்பெண் முறையில் இருக்கிறது. 20 மதிப்பெண்ணில் 8 'ஈர்ப்பு'க்கு. மீதிக் கதை என்ன என்று கேட்பதே இல்லை. விளைவு, முதல் வரியில் பிணம், மூன்றாம் வரியில் ரத்தம் தோய்ந்த கடிதம். யார் கொன்றது என்று எழுதியவருக்கே தெரியாது! தூண்டில் போடுவதற்கும் கதை தொடங்குவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. மீதிக் கதையை 50 சொல்லில் தனி உறையில் வாங்கி, இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களுடையதை மட்டும் பிரித்துப் பார்த்தாலே இது அடங்கிவிடும்.

சொல் எண்ணிக்கையிலும் தெளிவில்லை. கணினி இடைவெளியை வைத்துத்தான் எண்ணும். 'வந்து கொண்டு இருந்தான்' அதற்கு மூன்று சொல், 'வந்துகொண்டிருந்தான்' ஒன்று. சேர்த்து எழுதத் தெரிந்தவருக்கு முப்பது நாற்பது சொல் லாபம். எப்படி எண்ணுவார்கள் என்று விதியில் இல்லாததால் 230க்குள் நிறுத்திக்கொள்வது நல்லது.

கோப்பை யூனிகோடில் மட்டும் அனுப்புங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தால், அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். முதல் சுற்றிலேயே ஒதுக்கிவிடுவார்கள். பெயர் மறைத்து மதிப்பிடுவதாகச் சொல்கிறார்கள், ஆனால் வேர்டு கோப்பின் பண்புகளில் ஆசிரியர் பெயர் தானாகப் பதிந்திருக்கும். அதை நீக்குங்கள், கோப்புப் பெயரிலும் உங்கள் பெயர் வேண்டாம். கையெழுத்துப் பிரதியையும் வாங்கிக்கொள்கிறார்கள். அதைத் தன்னார்வலர்கள்தான் தட்டச்சு செய்கிறார்கள் என்பதால் ஒற்று விடுபடும், ர-ற மாறும், பத்திப் பிரிப்பு போய்விடும். வரிக்கு வரி இடம் விட்டு, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதினால் பிழை குறையும்.

தேர்வான தொடக்கங்களை முழுதாக இணையத்தில் வெளியிடுகிறார்கள். 'வேறெங்கும் வெளிவராத படைப்பு' என்று உறுதிமொழி கேட்கும் இதழ்களுக்கு அதே கதையை அனுப்பினால் சிக்கல் வரும். விண்ணப்பத்தின் கடைசியில் 'வெளியிடச் சம்மதம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்யாவிட்டாலும் பரிசுக்குத் தடையில்லை. முழுக்கதையை எழுதி முடிக்கும் எண்ணம் இருப்பவர்கள் அந்தக் கட்டத்தை டிக் செய்யாமல் விட்டுவிடலாம்.