பலகை இல்லாத கடையில் சாமையும் கடுக்காயும்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருமுனையில் ஞாயிறு காலை மட்டும் ஒரு நீலத் தார்ப்பாய் விரிகிறது. பலகை கிடையாது, பில் கிடையாது, ஜிபேவும் கிடையாது. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மாவும் மகனும் கொண்டுவருகிற சரக்கு: சாமை, கொள்ளு, புளி, தேன், கடுக்காய். மூன்று மாதமாக வாங்குகிறேன்.

சாமை அருமை. பாக்கெட் சாமை மாதிரி தீட்டி வெளுக்காமல் பழுப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் கல் இருக்கிறது. முதல் வாரம் அப்படியே குக்கரில் போட்டேன். மூன்றாவது கவளத்தில் கடைவாய்ப் பல்லில் 'நறுக்'. இரண்டு கிண்ணம் வைத்து, தண்ணீரோடு ஆட்டி ஆட்டி அரித்தால் கல் அடியில் தங்கிவிடும். அரை மணி ஊறவைத்து, டம்ளருக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். கொள்ளுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டால் இன்னொரு கரண்டி கேட்கும். தேன் சுமார்தான். ஒரு பாட்டில் கெட்டி, அடுத்தது தண்ணி. கேட்டதற்கு, "மழைக்கால அடைண்ணா, அப்படித்தான் இருக்கும்" என்றார்.

கடுக்காய்க்கு வருகிறேன். ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடம் கணக்கு எழுதியவன் நான். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலுக்குக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீர் காட்டினால்தான் நிறம் நிற்கும். வெள்ளைக்காரன் காலத்தில் அப்படிப்பட்ட தோல்தான் லண்டனுக்குக் கப்பல் ஏறியது. மூட்டை என்ன விலை என்று தூக்கத்திலும் சொல்வேன். பொறுக்கினவருக்கு என்ன கிடைத்தது? என் பேரேட்டில் அதற்கு ஒரு பத்தியே இல்லை.

அந்த அம்மா நூறு கிராம் நிறுத்துக்கொண்டே சொன்னார்: "எங்க தாத்தா காலத்துல குத்தகைக்காரர் ஆளுதான் கூடைக்கு இவ்ளோன்னு குடுப்பாராம். வூட்டுக்கு ஒரு கூடை எடுத்தா கேஸு."

நான் தினமும் இறங்கிய வாலாஜா ரோடு ஸ்டேஷனுக்கு 1856இலேயே ராயபுரத்திலிருந்து ரயில் வந்துவிட்டது. தண்டவாளத்துக்குக் கட்டை, எஞ்சினுக்கு விறகு என்று காட்டுக்கு விலை ஏறியது. 1882இல் சென்னை வனச் சட்டம். மலையில் கோடு கிழித்துக் காப்புக்காடு என்றார்கள். சரிவில் காட்டை வெட்டிச் சுட்டுச் சாமை விதைத்து, மண் களைத்தால் அடுத்த சரிவுக்கு நகர்கிற விவசாயம் அந்தக் கோட்டுக்குள் குற்றமாகிவிட்டது. கடுக்காயும் தேனும் ஏலத்துக்குப் போயின. மலையாளிகள் (கேரளத்துக்காரர்கள் இல்லை, இந்த மலைக்காரர்களுக்கே அந்தப் பெயர், காஞ்சிபுரத்திலிருந்து ஏறிவந்தோம் என்று சொல்வார்கள்) தங்கள் காட்டிலேயே கூலிக்காரர்கள் ஆனார்கள். வெள்ளைக்காரன் போயும் குத்தகை போகவில்லை. சிறு வனப்பொருளில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று சட்டம் வந்தது 2006இல்தான்.

கடுக்காய் நூறு கிராம் முப்பது ரூபாய். முதல் வாரம் இருபத்தைந்துக்குக் கேட்டு வாங்கியவன்தான் நானும். இப்போது கேட்பதில்லை. கொட்டையை நீக்கிவிட்டுத்தான் இடிக்க வேண்டும், அதை அவர்கள் செய்து தரமாட்டார்கள்.

போவதானால் எட்டு மணிக்குள் போங்கள், சில்லறையும் பையும் கொண்டுபோங்கள். போளூர் பஸ்ஸைப் பிடிக்க ஒன்பதரைக்கெல்லாம் தார்ப்பாயைச் சுருட்டிவிடுவார்கள்.