கும்பகோணம் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு கணினி மையம்: எதற்குப் போகலாம், எதற்குப் போகக் கூடாது

கும்பகோணம் நீதிமன்ற வளாகத்துக்கு எதிர்ச்சாரியில், ஜெராக்ஸ் கடைகளும் தட்டச்சு நிலையங்களும் நெருக்கியடித்து நிற்கும் வரிசையில், சிறையில் இருப்பவர்களின் குடும்பத்தார் தேடி வரும் கணினி மையம் ஒன்று இருக்கிறது. கடையின் பெயரை எழுதவில்லை. இன்னார் வீட்டுப் பெண் அந்தப் படியேறினாள் என்றாலே "உள்ளே யார்?" என்று கேட்டுவிடுகிற ஊர் இது. என் தங்கை மகன் விசாரணைக் கைதியாகத் திருச்சி மத்திய சிறையில் இருந்த மாதங்களில், மனுப் பதிவு (சிறைச் சந்திப்புக்கான முன்பதிவு), நகல், வாய்தா விவரம் எல்லாவற்றுக்கும் இந்தக் கடைக்கே போய்வந்தோம். அங்கே எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது என்பதை அந்தப் பழக்கத்திலிருந்தே எழுதுகிறேன்.

கடையை நடத்தும் அம்மாள் கேட்கும் முதல் கேள்வி, ஆள் எந்தச் சிறையில் இருக்கிறார் என்பதுதான். இது சாதாரணக் கேள்வி அல்ல. கைது நடந்த பதற்றத்தில் "திருச்சிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்" என்பதற்கு மேல் பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. ஆண்களை மத்திய சிறைக்கோ அருகிலுள்ள கிளைச்சிறைக்கோ அனுப்பியிருக்கலாம். பெண்கள் என்றால் திருச்சி மகளிர் தனிச்சிறை. பதினெட்டு வயது கடந்த இளைஞர்களுக்குப் புதுக்கோட்டையில் பார்ஸ்டல் பள்ளி என்ற தனிச்சிறை இருக்கிறது. பதினெட்டு நிரம்பாதவர் என்றால் சிறையே கிடையாது, இளைஞர் நீதிக் குழுமத்தின் வழியாகக் கூர்நோக்கு இல்லம். நீதிமன்றக் காவலில் வைக்கச் சொல்லும் ரிமாண்ட் உத்தரவைப் பார்த்து இதை உறுதி செய்துகொள்ளாமல் பேருந்து ஏறினால் ஒரு நாள் கூலியும் போக்குவரத்துச் செலவும் வீண். அந்த அம்மாள் விவரம் தெரியாமல் பதிவு செய்ய மறுத்துத் திருப்பி அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி இதற்கே.

மீதிப் பாதி மனுப் பதிவுக்கு. சிறைவாசியைச் சந்திக்கும் 'மனு பார்த்தலுக்கு' முன்பதிவு செய்ய, தேசிய தகவலியல் மையம் நடத்தும் இ-பிரிசன்ஸ் இணையதளத்தில் 'இ-முலாகாத்' என்ற பகுதி இருக்கிறது. பார்க்கப் போகிறவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை எண், கைபேசி எண், சிறையின் பெயர், போக விரும்பும் தேதி, கைதியின் பெயர், அவருடைய தந்தை அல்லது கணவர் பெயர், உறவுமுறை ஆகியவற்றை நிரப்பி, நேரில் சந்திப்பா காணொலிச் சந்திப்பா என்று தேர்ந்தெடுத்தால் பதிவு எண் கிடைக்கும். சிறை நிர்வாகம் ஒப்புதல் தந்த பிறகே அந்தச் சந்திப்பு உறுதியாகும். இந்தப் பதிவுக்கு அரசு ஒரு பைசாவும் வாங்குவதில்லை. கடையில் ஐம்பது ரூபாய் வாங்குகிறார்கள். அது தட்டச்சுக் கூலி. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடை வாசலில் தொங்கும் விலைப்பட்டியலில் அதை 'மனுக் கட்டணம்' என்று எழுதி வைத்திருப்பது சரியல்ல. அரசுக்குக் கட்டும் பணம் என்று நினைத்துக் கடன் வாங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்த ஐம்பது ரூபாய்க்கு உண்மையில் கிடைப்பது பெயரில் காட்டும் கவனம். வீட்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், முதல் தகவல் அறிக்கையில் (எஃப்.ஐ.ஆர்.) இரண்டையும் சேர்த்து நடுவில் 'என்கிற' போட்ட மூன்றாவது பெயர் என்பது நம் பக்கத்தில் வழக்கம். சிறைப் பதிவேட்டில் ஏறுவதோ நீதிமன்ற வாரண்டில் எழுதியிருக்கும் பெயர். வீட்டுப் பெயரைப் போட்டுப் பதிவு செய்தால், அப்படி ஒரு கைதியே இல்லை என்று பதில் வந்து நிற்கும். அந்த அம்மாள் கைதியின் ஆதாரைக் கேட்பதில்லை, எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்கிறார். பெயரும் தந்தை பெயரும் உள்ள வரியின் கீழ்ப் பென்சிலால் கோடிட்டு, ஆங்கில எழுத்து ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே திரையில் ஏற்றி, பிறகு திரையை நம் பக்கம் திருப்பிப் படிக்கச் சொல்கிறார். பார்க்கப் போகிறவரின் பெயர் மட்டும் ஆதாரில் உள்ளபடி. எஃப்.ஐ.ஆர். நகல் கையில் இல்லாதவர்களுக்குக் காவல்துறை இணையதளத்திலிருந்து எடுத்தும் தருகிறார். பாலியல் குற்றம் போன்ற சில வகை வழக்குகளில் மட்டும் அது இணையத்தில் கிடைக்காது.

நீதிமன்ற நிலவரம் பார்ப்பதற்கு இந்தக் கடைக்கு வரவே வேண்டாம். ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு எழுத்தும் எண்ணும் கலந்த சி.என்.ஆர். எண் ஒன்று உண்டு. இ-கோர்ட்ஸ் செயலியை ஒருமுறை கைபேசியில் இறக்கி, வழக்கறிஞரிடம் அந்த எண்ணைக் கேட்டு ஏற்றி வைத்துக்கொண்டால், அடுத்த வாய்தா தேதி வீட்டிலிருந்தே தெரியும். வாரத்துக்கு ஒருமுறை இருபது ரூபாய் கொடுத்துத் தேதி கேட்டுப் போகிற பாட்டிமார்களுக்கு, பேரப் பிள்ளைகள் யாராவது இதைச் செய்து கொடுக்கலாம்.

இனி, கடையின் ஒரு மூலையில் உட்கார்ந்து மனு தட்டச்சு செய்து தரும் நபரைப் பற்றி. ஜாமீன் மனு, மேல்முறையீடு, 'உள்ளே இருப்பவருக்கு உதவி' என்று எதைக் கேட்டாலும் எழுதித் தருகிறேன் என்கிறார். விலையும் ஆளைப் பார்த்துத்தான். அவரிடம் போவதற்கு முன் சாலையைக் கடந்து நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கும், இலவச சட்ட உதவி தரும் வட்ட சட்டப் பணிகள் குழுவை விசாரிப்பது நல்லது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12ஆம் பிரிவின்படி, காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் பெறத் தகுதியுடையவர். நில உடைமை இருக்கிறதா, வீட்டில் யாராவது அரசு வேலையில் இருக்கிறார்களா என்ற கேள்விக்கே இடமில்லை. 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். உள்ளே இருப்பவர் சிறை சட்ட உதவி மையம் மூலமாகத் தாமே விண்ணப்பிக்கவும் வழி உண்டு. இலவசம் என்றால் ஏனோதானோ என்று நடத்துவார்கள் என்ற பேச்சு நம் பக்கத்தில் உண்டு. எங்களுக்குக் கிடைத்த இளம் வழக்கறிஞர் கட்டுக் காகிதத்தை முழுக்கப் படித்துவிட்டுத்தான் நீதிமன்றத்துக்குள் போனார் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

தட்டச்சு நபரின் அறியாமைக்கு ஓர் உதாரணம் போதும். வலங்கைமானிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை உயர் நீதிமன்ற ஜாமீனுக்காக மதுரைக்குப் போகச் சொன்னார். கும்பகோணத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் வலங்கைமான் திருவாரூர் மாவட்டம். நம் பக்கத்தில் தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை மாவட்ட வழக்குகள்தாம் 2004இல் தொடங்கிய மதுரைக் கிளைக்குப் போகும். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களுக்குச் சென்னை. மயிலாடுதுறை மாவட்டத்துக் குத்தாலத்துக்காரரும் தஞ்சாவூர் மாவட்டத்துத் திருவிடைமருதூர்க்காரரும் ஒரே பேருந்தில் வந்தாலும், உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போது ஒருவர் வடக்கே, மற்றவர் தெற்கே. டெல்டாவில் இதைத் தெரிந்துகொள்ளாமல் அலைந்தவர்கள் குறைவில்லை.

நாள் கணக்கையும் இந்தக் கடையில் கேட்கக் கூடாது. அதை வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும், கேட்டே தீர வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187ஆம் பிரிவுப்படி, குற்றத்தின் தன்மைக்கு ஏற்ப 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் கேட்பது உரிமையாகிவிடும். ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்த்துச் சொல்லியிருக்கிறது. ஆனால் நாம் மனு போடுவதற்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை கைநழுவிப் போகும். ஆகவே நாட்காட்டியில் அந்தத் தேதியை வட்டமிட்டு வைப்பது குடும்பத்தின் வேலை. அதே சட்டத்தின் 479ஆம் பிரிவு நீண்ட நாள் விசாரணைக் கைதிகளுக்கானது: அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலமும், இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கும் உள்ளே கழிந்திருந்தால் ஜாமீனில் விடக் கோரலாம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. விசாரணையின்றித் தடுப்புக் காவலில் வைக்கும், குண்டர் சட்டம் எனப்படும் 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு 14ஆம் சட்டத்தில் அடைக்கப்பட்டவருக்கு ஜாமீன் மனுவே வழியல்ல. காரணங்கள் அடங்கிய ஆவணம் ஐந்து நாட்களுக்குள் கைதியின் கையில் தரப்பட வேண்டும், அரசுக்கும் ஆலோசனைக் குழுமத்துக்கும் முறையீடு அனுப்ப வேண்டும், பிறகு ஆட்கொணர்வு மனு. இவற்றை ஒன்றோடொன்று குழப்பி எழுதும் மனு கால தாமதத்தைத்தான் உண்டாக்கும்.

கடையில் நான் அறவே வெறுத்தது ஜாமீன்தாரர் ஏற்பாடு. ஜாமீன் உத்தரவு வந்த மறுநாளே, இரண்டு ஜாமீன்தாரர்களைச் சொத்து வரி ரசீதோடு கொண்டுவந்து நிறுத்துவதாகவும் அதற்கு இவ்வளவு என்றும் அந்த மூலையிலிருந்து குரல் வருகிறது. முன்பின் தெரியாத ஆளின் ரசீது போலி என்று தெரிந்தால் வழக்கு நம் மேலும் பாயும், கிடைத்த ஜாமீனும் ரத்தாகும். சொந்தத்தில் ஜாமீன் நிற்க ஆளில்லாதவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, ஜாமீன் உத்தரவின் நகல் அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக் கண்காணிப்பாளருக்குப் போக வேண்டும். ஏழு நாட்களில் விடுதலையாகாவிட்டால் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணையச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் ஜாமீன் கட்ட முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்துவதை நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். பணமாகக் கட்டச் சொல்லி முடியாமல் தவிக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு, ஒன்றிய அரசு 2023இல் கொண்டுவந்த ஏழைக் கைதிகள் உதவித் திட்டத்தில் விசாரணைக் கைதிக்கும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கும் பண உதவி பெற வழி உண்டு. போதைப்பொருள், ஊழல் போன்ற சில வழக்குகளுக்கு மட்டும் கிடையாது.

மனு பார்க்கப் போகும் நாளைப் பற்றிக் கடையில் சொல்லும் யோசனைகளில் பாதி சரி, பாதி தவறு. அடையாள அட்டையின் அசலைக் கொண்டு போகச் சொல்வது சரி. மாத்திரையைப் பையில் கொடுத்துவிடச் சொல்வது தவறு. வெளியிலிருந்து வரும் மாத்திரை உள்ளே போகாது. மருத்துவரின் சீட்டு, பழைய பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றின் நகலைச் சிறை மருத்துவருக்கு என்று எழுதிச் சேர்ப்பதே பயன் தரும். சர்க்கரை, வலிப்பு, மனநலச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இது முதல் வாரத்திலேயே நடக்க வேண்டிய வேலை. எந்தத் தின்பண்டம், எந்தத் துணி அனுமதி என்பது சிறைக்குச் சிறை மாறும் என்பதால் வாசலில் ஒட்டியிருக்கும் பட்டியலைத்தான் நம்ப வேண்டும். தண்டனைக் கைதியின் வீட்டில் சாவோ கல்யாணமோ என்றால், 1982ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்தி வைப்பு விதிகளின்படி விடுப்பு கேட்டுச் சிறை நிர்வாகத்துக்கே விண்ணப்பிக்கலாம். அதைத் தட்டச்சு செய்ய மட்டும் இந்தக் கடை உதவும். விசாரணைக் கைதிக்கு அந்த விதி செல்லாது, நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும்.

கடை காலை ஒன்பது மணிக்குத் திறக்கிறது, ஞாயிறு விடுமுறை. பத்து மணிக்கு மேல் வழக்கறிஞர்களின் குமாஸ்தாக்கள் கூடிவிடுவார்கள், அந்த அம்மாளிடம் நிதானமாகப் பேச முடியாது. உட்கார இரண்டே நாற்காலி. குழந்தையோடு வருகிறவர்கள் மதியம் மூன்று மணிக்கு மேல் வருவது வசதி. எஃப்.ஐ.ஆர். நகல், ரிமாண்ட் உத்தரவு, உங்கள் ஆதார், ஒருமுறைக் கடவுச்சொல் (ஓ.டி.பி.) வரும் கைபேசி ஆகிய நான்கும் கையில் இருந்தால் கால் மணி நேரத்தில் வேலை முடியும். மூலையில் இருப்பவர் கூப்பிட்டால் போக வேண்டாம்.